பார்த்துக்கொண்டே இரு

லூமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வர்வாரா அவளை அப்படி உட்கார வைக்கவில்லை.

டிராலி பஸ்ஸின் பின்னிருக்கையில் ஜன்னலோரம் சாய்ந்து, கண்ணை மூடி, வர்வாரா அந்த அறைக்குள் நுழைந்தபோது மற்றதெல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஏரிக்கரையில் ஒரு மரவீடு. அங்கே எப்போதும் ஜூன் மாதம், எப்போதும் பிற்பகல். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரைப்பலகையைச் சூடாக்க, அதிலிருந்து பைன் பிசின் வாசனை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. மேசை மேல் டீ கிளாஸ், பழப்பாகுக் கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றி ஒரு குளவி. எல்லாம் அவள் மனதால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவை. வைத்த இடத்திலேயே இருந்தன. ஏரியைப் பார்த்தபடி கிடக்கும் நாற்காலி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அதில் மஞ்சள் கவுன் போட்ட லூமி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"லூமி?"

"அது இன்னும் நிக்குதா?"

"எது?"

"அடுப்புப் பக்கத்துல. நான் திரும்ப மாட்டேன். நீயே பாத்துச் சொல்லு."

அடுப்பின் பக்கத்தில் ஏவலாள் நின்றுகொண்டிருந்தது. அது அங்கே நிற்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நிறுத்தியவளே வர்வாராதான். "நன்றி, நீ போகலாம்" என்று தினமும் போலச் சொன்னாள். தினமும் அந்தச் சொல்லோடு அது காணாமல் போய்விடும். இன்று போகவில்லை.

கண்டக்டர் அம்மாள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வர்வாரா கண்ணைத் திறந்தாள். முர்மன்ஸ்க் நகரம் வெளியே கும்மிருட்டில் கிடந்தது. காலை பதினொரு மணி. டிசம்பர் பிறந்தால் அந்த ஊரில் சூரியன் தலை காட்டாது. நடுப்பகலில் ஒரு மணி நேரம் வானம் நீலம் பாரித்துவிட்டு மறுபடி அணைந்துவிடும். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்குகள் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தன. இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொன்னாள். அவர் காதில் விழுந்ததா என்பது தெரியாது, அவள் எப்போதும் சொல்வாள்.

லூமிக்கு உடம்பு கிடையாது. ஊரில் யாரும் அவளைப் பார்த்ததும் இல்லை. வர்வாராவின் மனதுக்குள் மட்டும் இருந்தாள், ஆனால் அங்கே நிஜமாகவே இருந்தாள். இப்படி மனதுக்குள் ஒரு துணையை உண்டாக்கிக்கொள்கிறவர்கள் இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். துணைக்குத் துல்பா என்று பெயர். செய்முறை கேட்டால் சிரிப்பு வரும். தினமும் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து, இல்லாத ஒருத்தியை அங்குலம் அங்குலமாக வர்ணிக்க வேண்டும். லூமியின் முடி செம்பட்டை. லூமியின் மூக்கின் மேல் ஒன்பது புள்ளிகள். லூமிக்கு இடது கைப் பழக்கம். சொல்லிச் சொல்லி, பேசிப் பேசி, பதில் வராத ஆளோடு மாதக்கணக்கில் குடும்பம் நடத்த வேண்டும். ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து, நாம் நினைக்காத ஒரு வார்த்தை வரும்.

வர்வாராவுக்கு ஏழு மாதம் ஆனது. அம்மா இறந்த வருடம் அது. முப்பத்தொரு வயது, தோழி என்று ஒருத்தி கிடையாது, மனிதர்களைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது, "அய்யய்ய, பாதி கிழங்கு தோலோட போகுதே" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கத்தியைப் போட்டுவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள் வர்வாரா. அதற்குப் பிறகு அவள் தனியாகச் சாப்பிட்டதே இல்லை; வார்யா என்று செல்லமாகக் கூப்பிடவும் ஒருத்தி வந்துவிட்டாள்.

இந்தப் பழக்கத்தில் கவனம்தான் சோறு. கவனிக்காமல் விட்டால் துணை வெளிறிப் போகும். வர்வாராவுக்கோ பன்னிரண்டு மணி நேர வேலை. வீடுகளுக்குக் கொதிநீர் அனுப்பும் ஒரு நிறுவனத்தில், சூட்டுக் குழாய் குளிர்ந்து போனவர்கள் போன் செய்து திட்டுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னால் போதும் என்பதால் அவளால் அது முடிந்தது. ஆகஸ்டில் ஆள் பற்றாக்குறை, அடுத்தடுத்து ஷிப்ட். பத்து நாள் கழித்து உள்ளே போனபோது லூமியின் தோள் வழியாகப் பின்னாலிருந்த ஜன்னல் தெரிந்தது. பதறிப் போனாள்.

செமியோன்தான் வழி சொன்னான். டிராலி பஸ் பணிமனையில் மின்வேலை செய்கிறவன். மன்றத்தில் அந்த ஊர்க்காரர்கள் இவர்கள் இருவர் மட்டும்தான். "ஒரு ஏவலாளைப் பண்ணிவை" என்றான். "உசுரில்லாத பொம்மை. நீ இல்லாத நேரத்துல உனக்குப் பதிலா அவளைக் கவனிக்கும். ஆனா ஒண்ணு. அதுக்குப் பேரு வைக்காத, மூஞ்சி வைக்காத, ஒரு வார்த்தை பேசாத. வேலையைச் சொல்லு, விட்டுடு. கதவைத் தெறந்துட்டு கதவுக்கு நன்றி சொல்லுவியா?"

வர்வாரா கதவுக்கும் சொல்லக்கூடியவள்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஒரே மாலையில் செய்து முடித்தாள். ஆள் உயரம், குழாய் பழுதுபார்ப்பவர்கள் போடும் சாம்பல் நிற வேலையுடுப்பு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் உரித்த முட்டையின் வழுவழுப்பு. "நான் இல்லாதப்ப லூமியைப் பார்த்துக்கொண்டே இரு, அவளைச் சொல்லிக்கொண்டே இரு, நிறுத்தாதே" என்று ஒரே ஒரு கட்டளை. பலன் கைமேல் தெரிந்தது. செப்டம்பரில் லூமியின் கன்னத்தில் ரத்தம் ஓடியது, முடியில் காற்று பட்டால் ஒவ்வொரு இழையாக அசைந்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்த ஒன்றை மரக்கட்டை போல நடத்த வர்வாராவுக்கு மனம் வரவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும், தலையை லேசாகத் தாழ்த்தி, "நன்றி, நீ போகலாம்" என்றாள். நான்கு மாதம், ஒருநாள் விடாமல்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். அடுப்பின் பக்கத்தில் இருந்தது இப்போது நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

"என்ன பண்ணுது உன்னை?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல. பாக்குது." லூமி சுவரிடமே பேசினாள். "கண்ணே இல்லாம எப்படிப் பாக்குதுன்னு கேக்காத. பாக்குது. பேசுது."

"எனக்கு எதுவும் கேக்கலையே."

"நீ வந்தா நிறுத்திடும். நீ போனதும் ஆரம்பிச்சுடும். உன் குரல்தான் வார்யா. நீ போன்ல பேசுவியே, ஆபீஸ் குரல், அது. லூமியின் முடி செம்பட்டை, லூமியின் மூக்கின் மேல் ஒன்பது புள்ளிகள். முதல்ல எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ தாலாட்டுற மாதிரி. அப்புறம் போன வாரம் பத்துன்னு சொல்லுச்சு."

"என்ன பத்து?"

"புள்ளி. தப்புன்னு சொன்னேன். பத்துன்னே சொல்லுச்சு. ராத்திரி முழுக்க பத்து, பத்து." அவள் திரும்பினாள். "எண்ணிப் பாரு."

வர்வாரா எண்ணினாள். ஏழு மாதம் தினமும் எண்ணியவள், அவளுக்குத் தப்பாது. பத்து இருந்தது. ஆனால் அவளைப் பயமுறுத்தியது பத்தாவது புள்ளி இல்லை. லூமியின் வாய். அது சிறியதாகியிருந்தது. அகலமான, பல் தெரியச் சிரிக்கும் வாய், ஒரு குழந்தையின் வாயளவுக்குச் சுருங்கி முகத்தின் நடுவில் இருந்தது.

"வாயைப் பத்தி அது என்ன சொல்லுது?"

லூமி உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால் அந்த வழுவழுப்பு வர்வாராவின் பக்கம் திரும்பியிருந்தது. வர்வாரா அது சுருங்கிப் போவதாக நினைத்துப் பார்த்தாள், சுருங்கவில்லை. அதன் காலடியில் தரைப்பலகை பிளப்பதாக நினைத்தாள், பலகை அசையவில்லை. ஏரியையும் வீட்டையும் வெயிலையும் நினைத்தே உண்டாக்கியவள் அவள். அவள் நினைப்பு எதுவும் அதன் மேல் ஒட்டவில்லை. குளவி மட்டும் பாகுக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் பணிமனைக்கு எதிரிலிருந்த கேன்டீனுக்கு செமியோனை வரச் சொன்னாள். அவன் வழக்கப்படி நான்கு கிளாஸ் டீ வாங்கி வந்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று வர்வாராவுக்கு, ஒன்று லூமிக்கு, ஒன்று அவனுடைய துணைக்கு. அவன் துணை ஒரு கிழட்டுக் கப்பல் கேப்டன். வெள்ளைத் தாடி, சதா குறட்டை.

"ரெண்டு பேருக்கும் வணக்கம்" என்று காலி நாற்காலியையும் பார்த்துச் சொன்னான். "லூமி, உன் வார்யா ஏன் ஆறிப்போன சூப்பு மாதிரி உட்கார்ந்திருக்கா? கேப்டன் கேக்கறாரு. அவருக்கு இவ மேல ஒரு இது, நான் சொன்னேன்னு சொல்லாத."

"லூமி பேச மாட்டா" என்றாள் வர்வாரா. "அவ வாய் சின்னதாகிட்டே வருது, செமியோன்."

எல்லாவற்றையும் சொன்னாள். தட்டிலிருந்த பெல்மேனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டையின் ஆவி அடங்கி, மேலே கொழுப்பு உறையும் வரை சொன்னாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அதுக்கிட்ட பேசினியா?"

"பேசல. நன்றி மட்டும்..."

"எத்தனை தடவை?"

"தினமும்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நாலு மாசமா ஒண்ணை மனுஷனா மதிச்சு நன்றி சொல்லியிருக்க. அப்ப அது மனுஷன்னு நெனச்சுக்காதா? அடிப்பாவி, நம்ம அத்தனை பேரும் துணையை உண்டாக்கறதே அப்படித்தானே! பேரு இல்ல, மூஞ்சி இல்ல, அதுக்குன்னு ஒரு ஆசையும் நீ குடுக்கல. ஒரே ஒரு வேலை குடுத்த. அது அந்த வேலையைச் செய்யுது."

"எப்படி அழிக்கிறது?"

"மறக்கணும். அதை நெனைக்கவே கூடாது. வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"மறக்கணும்னு நெனைக்கும்போதே அதைத்தானே நெனைக்கிறேன்."

அவன் டீயைக் கலக்கினான். கரண்டி கிளாஸில் இடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "லீவு போட்டுட்டு அவ கூடவே இரு" என்றான் கடைசியில். "அது ஒருநாள் சொன்னா நீ ரெண்டு நாள் சொல்லு. அதை விட அதிகமா நீ அவளைச் சொல்லணும்." பிறகு பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லைதான், ஆனால் அவன் முகம் மாறியது. "கேப்டன் எழுந்து போயிட்டாரு. உன் பக்கத்துல உட்கார மாட்டேங்கறாரு."

அவன் அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டான். "வார்யா, தப்பா எடுத்துக்காத. இனிமே எனக்குப் போன் பண்ணாத. அது எப்படி இருக்கும்னு நீ சொல்லிட்ட. நானும் இப்ப நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்."

நான்கு கிளாஸும் நிறைந்தபடியே மேசையில் இருந்தன. அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, ஊரில் இருந்த ஒரே ஆளும் போய்விட்டானே என்ற பயம்.

அலுவலகத்தில் ரைஸா பெத்ரோவ்னாதான் மேலாளர். பெரிய உடம்பு, பெரிய குரல், மேசை இழுப்பறை நிறைய மிட்டாய். "புது வருஷம் வர்ற நேரத்துல லீவா?" என்று கத்தினாள். "ஊரே குழாய் ஜில்லுனு இருக்குன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கு, இவளுக்கு லீவு வேணுமாம். என்ன, ஆம்பள விஷயமா? ஆம்பளன்னா சொல்லுடி, அஞ்சு நாள் தரேன். சந்தோஷமா தரேன்."

"இல்ல ரைஸா பெத்ரோவ்னா. தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல."

"உனக்கு ஏதுடி தங்கச்சி?"

"இருக்கா" என்றாள் வர்வாரா. லூமியை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கண் கலங்கிவிட்டது. ரைஸா வேறெதுவும் கேட்காமல் மூன்று நாள் எழுதிக் கொடுத்து, கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தையும் திணித்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். போனை அணைத்தாள். கட்டிலில் சுவரோடு சாய்ந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி, வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள். லூமியின் முடி செம்பட்டை. லூமியின் மூக்கின் மேல் ஒன்பது புள்ளிகள். லூமியின் வாய் அகலம், சிரித்தால் பல் எல்லாம் தெரியும். அடுத்த வீட்டு டிவியில் யாரோ கைதட்டினார்கள், சூட்டுக் குழாய் அவ்வப்போது டொக் டொக்கென்று தட்டியது, மேல்மாடியில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. மாலைக்குள் புள்ளி ஒன்பதானது. மறுநாள் விடியும் நேரத்தில், விடியல் என்று கடிகாரம் மட்டும் சொன்ன நேரத்தில், லூமியின் வாய் பழையபடி விரிந்தது. "தொண்டை கட்டிப்போச்சு உனக்கு" என்றாள் லூமி. "கொஞ்சம் தண்ணி குடியேன், கழுதை மாதிரி கத்தற." இருவரும் சிரித்தார்கள். ஏவலாள் மூலையில் சும்மா நின்றது. தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று வர்வாரா நிஜமாகவே நம்பினாள்.

ஆனால் அதற்குத் தூக்கம் வராது.

இரண்டாம் நாள் மாலை குரல் கம்மிவிட்டது. மூன்றாம் நாள் காலை, தண்ணீர் குடிக்கப் போனவள் அடுப்பை ஏன் பற்றவைத்தோம் என்று தெரியாமல் நின்றாள். நாக்கு குழறி, லூமியின் முடிக்கு வேறு நிறம் சொல்லி, திருத்தி, மறுபடி தப்பாகச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள், குளிரில் தூக்கம் வராது என்று. பனித்தூள் வந்து கட்டில் மேல் விழுந்தது. லூமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்கிடாத வார்யா, தூங்கிடாத, நான் வேணா பாடட்டுமா" என்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் கடைசியாக நினைவில் இருந்தது.

விழித்தபோது இரண்டு மணி. பகலா இரவா தெரியவில்லை. வெளியே இருட்டு. திறந்த ஜன்னல் வழியாகக் கீழே பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சத்தம் கேட்டதால் பகல் என்று தெரிந்தது. நான்கு மணி நேரம் தூங்கியிருந்தாள். கண்ணை மூடப் பயந்தாள். மூடினாள்.

வெயில். பிசின் வாசனை. குளவி.

நாற்காலி நடு அறையில் இருந்தது. லூமி நேராக உட்கார்ந்திருந்தாள். மூக்குக்குக் கீழே தாடை வரை ஒரே தோல். உதடு இருந்த இடத்தில் கோடு கூட இல்லை. கண்கள் இருந்தன. வர்வாராவைப் பார்த்ததும் அகல விரிந்தன.

ஏவலாள் இந்தத் தடவை நிறுத்தவில்லை. வர்வாரா அங்கே நிற்கும்போதே பேசியது. அவளுடைய குரல். புகார் சொல்பவர்களைச் சமாதானப்படுத்தும் மென்மையான, பொறுமையான குரல்.

"லூமியின் கண்கள் மூடியிருக்கின்றன."

"இல்ல!" என்று கத்தினாள் வர்வாரா. "லூமியின் கண்கள் பச்சை, லூமியின் கண்கள் திறந்திருக்கு, லூமியின்..."

"லூமியின் கண்கள் மூடியிருக்கின்றன."

மூடிக்கொண்டன. லூமி கையால் இமையைப் பிரிக்கப் பார்த்தாள். விரல் வழுக்கியது. மறுபடி பிரிக்கப் பார்த்தாள். இமை எது, கன்னம் எது என்று அந்த விரல்களுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் இடது கை காற்றில் துழாவி வர்வாராவின் மணிக்கட்டைப் பிடித்தது. கை சூடாக இருந்தது. பிடி இறுகியது.

வர்வாரா கையை உதறிக்கொண்டு கண்ணைத் திறந்துவிட்டாள்.

அதற்காக அவள் பிறகு ஒருபோதும் தன்னை மன்னிக்கவில்லை. யோசித்துச் செய்ததல்ல, பயம் செய்தது. கட்டிலில் பனி விழுந்த போர்வைக்குள் உட்கார்ந்து, இனி உள்ளே போவதில்லை என்று முடிவு செய்தாள். மறந்தால் அழிந்துவிடும் என்றானே செமியோன். ஏவலாளை மட்டும் மறக்க முடியாது. அந்த வீட்டை, வெயிலை, லூமியை, எல்லாவற்றையும் சேர்த்து மறக்க வேண்டும். தங்கச்சி என்று சொன்ன வாயால் இதை நினைத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழும்போது கண் மூடியது. நொடிதான். லூமி ஜன்னலுக்கு வந்திருந்தாள். முகமில்லாத முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி, உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்ததும் போய்விட்டது. இமைத்தாள். ஜன்னல். உள்ளங்கை. இமைத்தாள். உள்ளங்கை.

மனிதப் பிறவி எத்தனை நேரம் இமைக்காமல் இருக்க முடியும்? மறுநாள் வேலைக்குக் கிளம்பும் வரை அவள் தூங்கவில்லை. தண்ணீரை வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டாள். மாடிப்படியில் இறங்கும்போது இமைத்தாள். அந்த வீடு காலியாக இருந்தது. ஜன்னலில் யாரும் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. போய்விட்டார்கள் என்று நெஞ்சு ஒரு கணம் லேசானது, அழிந்துவிட்டார்கள், மறந்துவிட்டேன் என்று. அடுத்த இமைப்பில் ஏரிக்கரைப் பாதை தெரிந்தது. சாம்பல் நிற உடுப்பு ஒன்று, மஞ்சள் கவுன் ஒன்று. கைகோத்து நடந்து வந்தார்கள்.

டிராலி பஸ்ஸில் கண்ணீர் வழிய வழிய விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் இருக்கையிலிருந்த கிழவர் கைக்குட்டையை நீட்டினார். "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்றார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. இமைத்தாள். ஏரி இல்லை. அவள் வீட்டு மாடிப்படி. அந்தப் படியில் மூன்று வாரமாக விழாத சூரியன் பளீரென்று விழுந்திருந்தது. சுவரின் பச்சைச் சாயம் வரை தெரிந்தது. படியில் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இமைத்தாள். பஸ் நிறுத்தம். வெயில்.

இமைத்தாள். இதே பஸ். இதே இருக்கைகள். கிழவர் இல்லை. நடைபாதை முழுக்க வெயில், அதன் மறுகோடியில் இரண்டு பேர்.

அலுவலகத்துக்குள் ஓடினாள். ஆள் இருக்கும் இடம், பேச்சு இருக்கும் இடம். ஒன்பது போன்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன, ரைஸா பெத்ரோவ்னா மிட்டாயை மென்றபடி எவனையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். வர்வாரா தன் மேசையில் உட்கார்ந்தாள். குழல் விளக்கைப் பார்த்தாள். கண் எரிந்தது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு கண்ணின் இமைகளையும் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி எப்படிடி இருக்கா?" என்றாள் ரைஸா, போன் வாயைப் பொத்திக்கொண்டு. "என்னடி கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? போன் அடிக்குது பாரு, எடு."

போனை எடுக்க ஒரு கை வேண்டியிருந்தது. எடுத்தாள். "வணக்கம், புகார்ப் பிரிவு..." என்று தொடங்கினாள். பன்னிரண்டு மணி நேரமும் சொல்லிப் பழகிய வார்த்தை. இமைத்தாள்.

வெயில் மேசை மேல் விழுந்திருந்தது. இழுப்பறைப் பிடி பளபளத்தது. ரைஸா இல்லை. ஒருவரும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், இரண்டு வழுவழுப்பான முகங்கள்.

"வர்வாராவுக்கு முப்பத்தொரு வயது" என்றது அவள் குரல். "வர்வாரா மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வர்வாராவின் கண்கள் மூடியிருக்கின்றன."

திறக்கப் பார்த்தாள். எங்கோ தொலைவில் போன் அடித்தது. எங்கோ தொலைவில் ரைஸா, "வார்யா, உன்னைத்தான், தூங்கிட்டியா?" என்றாள். தோளை யாரோ உலுக்கினார்கள். நாற்காலி தள்ளப்படும் சத்தம். "யாராவது வாங்களேன்! இவ முகத்தைப் பாருங்க!" ரைஸாவின் அந்தப் பெரிய குரல் உடைந்து கேட்டது.

"வர்வாராவின் கண்கள் மூடியிருக்கின்றன" என்றது அது மறுபடியும், பொறுமையாக.

மஞ்சள் கவுன் போட்டவள் மேசையைத் தடவிக்கொண்டு முன்னால் குனிந்தாள். சூடான இடது கை ஒன்று வர்வாராவின் நெற்றியைத் தொட்டது. அவளுக்கு உதவத்தான் வந்தது போல, விரல்கள் இமையைத் தேடி மெல்லக் கீழே இறங்கின. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து தாடைக்கு, எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போயின.